இரண்டாம் பாகத்தில் சாகாதவன்

முதல் பாகத்தில் அவன் செத்த அழகைத் தெருவே மெச்சியது.

கோட்டைப் படிக்கட்டின் உச்சியில் நிற்கும் காவலன். எங்கிருந்தோ பறந்து வரும் அம்பு தொண்டையில் தைக்கும். கையிலிருந்த தீப்பந்தம் நழுவும். படிப்படியாக உருண்டு வந்து, கேமராவைப் பார்த்தபடி கண் திறந்து கிடப்பான். கொட்டாவி விடும் நேரம்தான். ஆனால் படம் சக்கைப்போடு போட்ட படம். அதில் முகம் தெரியச் செத்தவன் என்றால் சும்மாவா. அன்றிலிருந்து அவனுக்கு அம்பு என்றே பெயராகிவிட்டது. வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடையில் அவனுக்கு வேலை. "அம்புவை அனுப்புங்க, மெஷின்ல தண்ணி இறங்க மாட்டேங்குது" என்றுதான் போன் வரும். சினிமாவில் கூட்டம் தேவைப்படும் நாட்களில் லீவு போட்டுவிட்டு, கூட்டத்தில் ஒரு தலையாக நிற்கப் போவான்.

அந்தச் சாவினால் அதிகப் பலன் அடைந்தவர் அவன் மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் இருந்தவரை மருமகனை டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் போலத்தான் பார்த்தார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மகள் திரும்பி வரவில்லை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள இங்கேயே வந்து தங்கினார். பார்வை மட்டும் மாறவில்லை. படம் வந்த பிறகுதான் அதுவும் மாறியது. வீட்டுக்கு யார் வந்தாலும் டிவியைப் போட்டு, அந்த இடத்துக்கு ஓட்டி, சரியாக நிறுத்துவார்.

"பாருங்க, எங்க மாப்பிள்ளை. கண்ணு இமைக்குதா? இமைக்காது. நான் எத்தனையோ தடவை செக் பண்ணிட்டேன்."

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் தோளிலிருந்து சிலிண்டரை இறக்காமலே பார்த்துவிட்டு, "நல்லா செத்திருக்கார்" என்றார்.

அன்றைக்கு சோபாவுக்குப் பின்னால் பாப்பா நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆறு வயது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தவனுக்கு மூக்கில் ஏதோ ஊர்வது போல இருந்தது. விழித்தால், பாப்பாவின் விரல்.

"என்ன பாப்பா?"

"காத்து வருதான்னு பார்த்தேன்."

"வருதா?"

"வருது. நீ தூங்கு."

யாருக்குத் தூக்கம் வரும். அதற்கப்புறம் அவன் எங்கே படுத்தாலும் சோதனைதான். வீட்டு மெஷினுக்குப் பின்னால் படுத்துக் குழாயைக் கழற்றினால், வெளியே நீட்டியிருக்கும் காலை மிதித்துப் பார்ப்பாள். "ஆ" என்றால் போய்விடுவாள்.

"அது நடிப்பு பாப்பா. அம்பு ரப்பர்."

"ரப்பர்னு தெரியும். நீ ஏன் எழுந்திருக்கல?"

"எழுந்தேனே. எழுந்து டீ குடிச்சேன்."

"எங்க குடிச்ச? காட்டவே இல்லை."

இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள் என்று சேதி வந்த அன்று பாப்பா அவன் எதிரே வந்து நின்றாள்.

"இதுல நீ சாகக் கூடாது."

"சரி."

"சும்மா சரி சொல்லாத."

"சாக மாட்டேன் பாப்பா. முழுசாச் சொல்லிட்டேன், போதுமா?"

பாப்பா போய் இதைத் தாத்தாவிடம் அறிவித்தாள். தாத்தா பேப்பரைத் தாழ்த்தினார். "அதெப்படி? அவருக்கு நல்லா வர்றதே அது ஒண்ணுதானே" என்றார்.

துணை நடிகர்களை அனுப்பும் ஏஜென்ட்டுக்கு வேறு கவலை. "முதல் பாகத்துல செத்தவன் ரெண்டாவதுல எப்படிய்யா வருவ? ஜனங்க காறித் துப்பும்."

"தாடி ஒட்டிக்கிறேன் அண்ணே."

ஏஜென்ட் யோசித்தார். "எதிரிப் படையில எல்லாருக்குமே தாடிதான். மொத்தமா வாங்கியிருக்காங்க. வா, கூட்டத்தோட கூட்டமா நில்லு. ஆனா தொண்டையைக் காட்டாத."

படப்பிடிப்பு கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில். கொதிக்கிற வெயில். கம்பளிச் சட்டை, அட்டைக் கவசம், அரிக்கும் தாடி. இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் வந்ததும் முதல் வேலையாக நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். ஏனென்றால் செத்தவனுக்கு அப்புறம் வேலை கிடையாது. கிடந்தால் போதும். நிழல் பார்த்துச் செத்தவன் சாயங்காலம் வரை சுகமாகத் தூங்குவான். உயிரோடு இருப்பவன்தான் அடுத்தடுத்த ஷாட்டுக்கெல்லாம் வாளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அம்புவின் பக்கத்தில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் ஒரு பாறையின் அடியை முன்கூட்டியே துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்தார்.

காட்சி எளிமையானது. கதாநாயகன் நடுவில். சுற்றி எதிரிகள் வளையம். அவர் வாளை ஒரு சுற்றுச் சுற்றுவார். எல்லோரும் விழ வேண்டும்.

சுற்றினார். விழுந்தார்கள். அம்பு மட்டும் நின்றான்.

"கட்," என்றார் ஸ்டண்ட் மாஸ்டர் மைக்கில். "யார் அது? டேய் தாடி, ஏன் நிக்கிற?"

கிடந்தவர்களில் பாதிப் பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"நிக்கிற தாடிய்யா. நீதான்."

"வாள் என் மேல படல மாஸ்டர்."

"யார் மேலயும்தான் படல. மத்தவங்க சாகல?"

இரண்டாவது முறையும் நின்றான். மாஸ்டர் மைக்கை வைத்துவிட்டு நடந்தே வந்தார். கதாநாயகனுக்குக் குடை பிடித்தார்கள்.

"என்னய்யா பிரச்சனை உனக்கு?"

"வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன் மாஸ்டர்."

"என்னன்னு?"

"சாக மாட்டேன்னு."

மாஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "யார்கிட்ட, பொண்டாட்டிகிட்டயா?"

"பொண்ணுகிட்ட. ஆறு வயசு. அவ அம்மா இல்லை."

கிடந்தவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறார். ஒருத்தனும் இப்படி வீட்டைக் காரணம் காட்டியதில்லை.

"சரி, ஒரு கை போகட்டும்."

"கைன்னா எது மாஸ்டர்?"

"இடது கை."

"ரத்தம் நிறைய வருமா?"

"கை போனா ரத்தம் வராம ரோஸ் மில்க்கா வரும்? சரி விடு. மயக்கம் போட்டு விழு."

"மயக்கம்னா நம்ப மாட்டா மாஸ்டர். விழுந்தாலே சந்தேகப்படுவா."

"அப்ப என்னதான்யா பண்ணுவ? கதாநாயகன்கூடக் கை குலுக்குவியா?"

பாறையடியிலிருந்து வழுக்கைத் தலைக்காரர் குரல் கொடுத்தார். "ஓடிப் போகட்டுமே மாஸ்டர். சட்டுனு முடிங்க, நிழல் நகருது."

"ஓடு," என்றார் மாஸ்டர். "அவர் வாளைச் சுத்துறதைப் பார்த்ததும் திரும்பிப் பார்க்காம ஓடு. கேமராவுல இருந்து வெளிய போ. என் கண்ணுலயும் படாத."

மூன்றாவது முறை எல்லோரும் செத்தார்கள், அம்பு ஓடினான். ஓட்டத்தில் வலது காலின் தோல் செருப்பு கழன்று பறந்தது. ஒற்றைக் காலில் இரண்டு தத்துத் தத்தி, கவசம் ஒரு பக்கம் தொங்க, மறுபடி ஓடினான். கூடாரத்துக்குள் மானிட்டர் முன்னால் இருந்த இயக்குநர் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. "இது இருக்கட்டும்," என்றார்.

தப்பித்தோம் என்று உட்கார்ந்தவனிடம் வழுக்கைத் தலைக்காரர் படுத்தபடியே சொன்னார்: "ரொம்ப சந்தோஷப்படாத. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல அம்பு விடுறானுங்க. ஆபீஸ்ல உட்கார்ந்துகிட்டு ஒருத்தன் பட்டனைத் தட்டினா உன் முதுகுல இறங்கிடும். உன்னைக் கேட்டுட்டா விடுவான்?"

படம் வெளியாகும் வரை இந்த ஒரு வார்த்தையை நினைத்து நினைத்து முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டான். எவனோ முகம் தெரியாதவன் ஒரு பட்டனைத் தட்டி அவனைப் பொய்யனாக்கிவிடலாம்.

முதல் வாரம், மதியக் காட்சி. மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கடை முதலாளியும் அவர் மனைவியும் பாப்பாவுக்கு அந்தப் பக்கம். "எப்படி சாகறார்னு சொல்லிடாதீங்க மாப்பிள்ளை, நானே பார்த்துக்கிறேன்," என்றார் மாமனார். பாப்பாவின் கை அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தது.

குதிரைகள் வந்தன. இளவரசி வந்தாள். பாட்டு ஒன்று வந்தது, போக மறுத்தது. பிறகு கல்குவாரி வந்தது. படத்தில் அது பாலைவனமாகியிருந்தது. கதாநாயகன் வாளைச் சுற்றினார், எல்லோரும் சாய்ந்தார்கள், ஒருவன் மட்டும் திரும்பி எடுத்தான் ஓட்டம். செருப்பு பறந்தது. தியேட்டர் குலுங்கியது.

"அம்பு, நீங்களா அது?" என்று கடை முதலாளியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா ஓடறீங்க."

மாமனார் பென்ஷன் நின்றுபோனவர் போல உட்கார்ந்திருந்தார்.

அம்பு திரையின் ஓரத்தைத் தாண்டி வெளியே போனான். பாப்பா மூச்சு விட்டாள். அடுத்த கணம் வானம் கறுத்தது. கழுகுப் பார்வையில் பாலைவனம் முழுவதும் தெரிய, கணக்கில்லாத அம்புகள் மழையாக வந்து இறங்கின.

சட்டை நுனி இறுகியது. "அதுல நீ இருந்தியா?"

"தெரியலையே பாப்பா," என்றான். உண்மையைச் சொல்லக் கூடாத நேரம் என்று ஒன்று உண்டு. அது அதுதான். பாப்பா அதற்கப்புறம் திரையைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் அவளைப் பார்த்தார்.

படம் முடிந்து வெளியே வந்தால், தியேட்டர் வாசலில் பெரிய விவாதமே நடந்துகொண்டிருந்தது.

"முதல் பாகத்துக்குக் கால் தூசி பெறாது."

"அப்படிச் சொல்லாதீங்க, சண்டை இதுலதான் ஜாஸ்தி."

"சண்டை ஜாஸ்திதான், ஏன்னுதான் தெரியல."

"அதுல கோட்டை நிஜம். இதுல எல்லாம் பொம்மை."

"குதிரை மட்டும் ரெண்டுலயும் ஒழுங்கா நடிச்சிருக்கு."

மாமனார் வெளியேறும் கதவருகே போய் நின்றுகொண்டார். பழைய உத்தியோகம் உடம்பில் வந்து ஏறியது. கதவைத் தாண்டுகிற யாரையும் அவர் சும்மா விடவில்லை.

"தம்பி, ஒரு நிமிஷம். அந்த ஒத்தைச் செருப்புக்காரன் தப்பிச்சானா, செத்தானா?"

"படம் முதல் பாகம் மாதிரி இல்ல சார்."

"படத்தைக் கேக்கல. செருப்புக்காரனைக் கேக்கறேன்."

"அம்பு மழையில போயிருப்பான் சார்."

"பார்த்தியா, இல்ல பாப்கார்ன் வாங்கப் போயிருந்தியா?"

"வாங்கத்தான் போயிருந்தேன்."

"அப்ப பேசாத. நகரு."

கண்ணாடி போட்ட ஒருவர், அவன் ஓடிய வேகத்துக்குக் குன்றைத் தாண்டியிருப்பான் என்றார். இன்னொருவர், குன்றே இல்லை என்றார். அவர்களுக்குள் வாக்குவாதம் ஆனது. கடைசியாகக் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

"தப்பிச்சுட்டான் அங்கிள். நல்லாப் பார்த்தேன். அவன் வெளிய போன அப்புறம்தான் அம்பே வந்துச்சு. மொத்தப் படத்துலயும் எனக்குப் பிடிச்சது அவன் ஒருத்தன்தான்."

"கேட்டியா பாப்பா?" என்றார் மாமனார்.

பாப்பா அப்பாவைக் காட்டினாள். "இவங்கதான் அது."

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். தாடி இல்லாத, வாஷிங் மெஷின் கடை பெயர் போட்ட டீ ஷர்ட் அணிந்த மெலிந்த உருவம். "இவரா? இல்லடா கண்ணா. அவன் நல்லா வாட்டசாட்டமா இருந்தான்."

பாப்பாவின் முகம் மறுபடி சுருங்கியது. தப்பித்தவன் ஒருவன் இருக்கிறான். அது அப்பாதானா என்பது சந்தேகம்.

மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாப்பிள்ளை, ஓடிக் காட்டுங்க."

"இங்கயா மாமா?"

"பின்ன எங்க, வீட்டு சமையல்கட்டுலயா? ஓடுங்க. அதே மாதிரி. செருப்போட."

கார் நிறுத்துமிடம் நீளமாக வெயிலில் கிடந்தது. கூட்டம் விவாதத்தை நிறுத்திவிட்டுத் திரும்பியது. அம்பு ஒருமுறை எல்லோரையும் பார்த்தான். பிறகு வானத்திலிருந்து எதுவோ வருவதைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, எடுத்தான் ஓட்டம். கார்களுக்கு நடுவே, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக. வலது செருப்பு கழன்று ஒரு வெள்ளைக் காரின் கூரையில் பட்டு விழுந்தது. ஒற்றைக் காலில் இரண்டு தத்து. மறுபடி ஓட்டம்.

"இவரேதான்," என்றாள் கைக்குழந்தைக்காரி.

அவன் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே போய்க் கடைசி வேனுக்குப் பின்னால் மறைந்தான். படத்தில் அவ்வளவுதான் இருந்தது. பாப்பா அந்த வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேனின் மறுபக்கத்திலிருந்து அம்பு வந்தான். தரை கொதித்திருக்க வேண்டும். வெறுங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து, நொண்டிக்கொண்டு, மூச்சு வாங்க வந்துகொண்டே இருந்தான். யாரோ கை தட்டினார்கள்.

"இந்த இடத்தைப் படத்துல வெச்சிருந்தா முதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிட்டிருக்கும்," என்றார் மாமனார் பொதுவாக.

பாப்பா அதற்குள் வெள்ளைக் கார்ப் பக்கம் ஓடி, செருப்பை எடுத்துக்கொண்டு அவனுக்கு எதிரே போய்க்கொண்டிருந்தாள்.