அண்ணைமார் தெரிவுசெய்த ஜக்

தயாளினியின் வீட்டுக் காரைத் தூக்கிச் சில்லுக் கழற்ற ஒரு ஜக் வாங்குவதற்கு மூன்று நாடுகள் கூடிப் பேச வேண்டியிருந்தது. ரொறன்ரோவில் இருந்து பெரியண்ணை தியாகலிங்கம், சுவிஸில் இருந்து அக்கா மகாதேவி, லண்டனில் இருந்து சின்னண்ணை கஜானன். காற்றுப்போன கார் அச்சுவேலியில் நின்றது. அந்தச் சில்லைக் கழற்றப் போகிறவளும் அச்சுவேலியில்தான் இருந்தாள். அவளை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கார் என்றதும் அவளுடைய கார் என்று நினைத்துவிடக் கூடாது. ஆனித் திருவிழாவுக்கு வருகிறபோது ஓடித் திரிவதற்காக மூவரும் காசு போட்டு வாங்கிய யப்பான் கார் அது. வருசத்தில் இரண்டு கிழமை அவர்களுக்கு. மிச்ச நாளெல்லாம் அதற்குக் காவல் தயாளினி. சும்மா நின்றால் பற்றரி இறங்கிவிடும், ரயர் சப்பளிந்துவிடும் என்று வெள்ளிக்கிழமை தோறும் சந்தை மட்டும் ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வரவேண்டும். அதற்காகவே அவளுக்கு லைசென்சும் எடுத்துக் கொடுத்தார்கள். ஊரில் அவளைக் கண்டால், "உனக்கென்னடி, கார்க்காரி" என்பார்கள். அந்தக் கார்க்காரி ஒருநாளும் சந்தையைத் தாண்டிப் போனதில்லை.

வீட்டைச் சுற்றிக் கமராக்கள் வேறு. பெரியண்ணையின் ஏற்பாடு. பார்க்கிற கமரா மட்டும் என்றால் பரவாயில்லை, இது கதைக்கிற கமரா. உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்பாள். முகட்டில் இருந்து அண்ணையின் குரல் வரும். "தங்கச்சி, ஆர் இப்ப வந்திட்டுப் போனது?" பொழுதுபட்டால் தவறாமல் வரும். "தங்கச்சி, கேற் பூட்டினதோ?" அவளும் கேற்றுக்கு உள்ளே நின்று, பூட்டை ஆட்டிக் காட்டி, "ஓம் அண்ணை, பூட்டிட்டன்" என்பாள். முதல் நாட்களில் அது அவளுக்குத் துணையாகத்தான் இருந்தது. பிறகு, தலைவாருவதற்குக்கூடக் கமரா இல்லாத இடம் தேடத் தொடங்கினாள்.

ஒருவரும் அவளைக் கட்டிப்போடவில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கேட்க முன்னமே அனுப்பினார்கள். அம்மாவைக் கழுவித் துடைத்தது இவள். அம்மா போனபிறகு, வவுனியாவில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் மேற்பார்வை வேலை இருக்கிறது, வா என்று கூடப் படித்த வித்தியா கூப்பிட்டாள். அங்கே தங்க அறை உண்டு, கைச்செலவுக்குச் சம்பளம் உண்டு, காலையில் எழுந்தால் பேச நாலு சனம் உண்டு. தயாளினிக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவள் வாழ்க்கையில் முதல்முதலாகத் தனக்கென்று ஆசைப்பட்டது அந்த வேலைக்குத்தான்.

"போகலாம்தானே, ஆர் மறிக்கிறது?" என்றார் பெரியண்ணை. "அம்மாவின்ரை ஆட்டத்திவசம் முடியட்டும்." வருசம் திரும்பி ஆட்டத்திவசமும் முடிந்தது. "வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சு முடியட்டும்" என்றா அக்கா. அடித்து முடிந்தது. "திருவிழா முடியட்டும்" என்றார் சின்னண்ணை. அவர்கள் வந்து, கும்பிட்டு, கறித்தூள் கட்டிக்கொண்டு போயும் விட்டார்கள். வித்தியாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். இந்தக் கிழமை போன் எடுத்துச் சொல்லிவிட்டாள். "திங்கக்கிழமை பிள்ளையள் வருகினம், தயா. நீ வராட்டி நான் வேறை ஆளைப் போடவேணும். இன்னும் பிடிச்சு வைச்சிருக்க என்னாலை ஏலாது."

வருகிறேன் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, காரின் பின்பக்கச் சில்லில் ஆணி ஏறி அது சரிந்துபோய் நின்றது.

"இந்தக் காரை இப்பிடி விட்டிட்டுப் போகலாமே?" என்றார் பெரியண்ணை. யப்பானில் இருந்து வந்தபோதே காருக்குள் ஜக் இல்லை. கராச்சுக்காரரைக் கூப்பிடவும் அவர் விடவில்லை. "ஆக்களை உள்ளை விடாதை. என்ன கிடக்கெண்டு பாத்துக்கொண்டு போவாங்கள். ஒரு ஜக் வாங்கி நீயே கழட்டலாம். யூரியூப்பிலை எல்லாம் கிடக்கு."

பிறகு தொடங்கியது வட்ஸ்அப் மகாநாடு. கையால் சுற்றுகிற சின்ன ஜக்கே காணும், மெலிந்த பிள்ளை, பெரிசைத் தூக்கமாட்டாள் என்று அக்கா குரல்பதிவு போட்டா. போத்தல் மாதிரி நிமிர்ந்து நிற்கிற எண்ணெய் ஜக்தான் பலம் என்று சின்னண்ணை வீடியோவுக்கு மேல் வீடியோ அனுப்பினார். காற்றுப்போன காருக்கடியில் போத்தல் நுழையாது, அறிவில்லையே என்று பெரியண்ணை ஏசினார். அவருடைய வாக்கு, சில்லு வைத்து உருட்டுகிற பெரிய ரொலி ஜக்குக்கு. இடையில் அக்காவின் புருசனும் புகுந்து ஏதோ சொல்ல, பழைய காணிக்கதை ஒன்று கிளம்பி, இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. கார் ஒரு பக்கம் சாய்ந்தபடியே நின்றது. தயாளினி பெட்டியை அடுக்குவதும் பிறகு பிரிப்பதுமாக இருந்தாள்.

சனிக்கிழமை யாழ்ப்பாணம் போய் ஜக் வாங்குவது என்று முடிவானது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் மார்க்கண்டரின் மோட்டார்ச் சாமான் கடை. அவர் பெரிய கதைகாரர். விற்கிற சாமானைத் தன் பிள்ளைபோலப் புகழ்வார்.

"ஆர் பிள்ளை சில்லுக் கழட்டிறது?"

"நான்தான்."

அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு மூன்று வகை ஜக்கையும் எடுத்து நிலத்தில் வைத்தார். அதற்குள் பெரியண்ணை போனில் முகம் காட்டிவிட்டார். அங்கே நடுச்சாமம் தாண்டியும் மனிதன் நித்திரை கொள்ளாமல் இருந்திருக்கிறார். அதை நினைக்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"ஐயா, உந்தப் பெரிசை ஒருக்கா அமத்திக் காட்டுங்கோ" என்றார் போனுக்குள்ளால்.

மார்க்கண்டருக்கு வாயெல்லாம் பல். பெரிசுதானே விலை கூட. "இது பதிஞ்சு உள்ளை போகும், தம்பி. பிடியை இழுத்து இழுத்து அமத்தினால் சரி. சின்னப்பிள்ளையும் காரைத் தூக்கும்."

"அதுதான்! எடு, தயா. இதை வாங்கினால் உன்ரை வாழ்நாளுக்கும் காணும். இனி நீ ஒருத்தரையும் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை."

அன்பாகத்தான் சொன்னார். வாழ்நாளுக்கும் என்ற சொல் அவள் நெஞ்சில் போய்க் குந்திக்கொண்டது. ஐம்பது வயதில், அறுபது வயதில், தலை நரைத்து, அதே போர்ட்டிக்கோவில் அதே ஜக்கோடு குனிந்து நிற்கிற ஒரு பெண்ணை அவள் கண்டாள். முகட்டில் இருந்து குரல் வருகிறது, அவளும் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்கிறாள். கடைக்குள் சனம் நின்றதால் அழுகையை அடக்கிக்கொண்டாள்.

அண்ணை போனை வைத்தபிறகு மார்க்கண்டர் ஜக்கைச் சாக்கில் சுற்றிக் கட்டினார்.

"ஒரு கதை கேளுங்கோ பிள்ளை. ஜக் தூக்கத்தான், தாங்க இல்லை. தூக்கி வைச்சுப்போட்டு அதை நம்பி உள்ளுக்குக் கைகால் நீட்டப்படாது."

"அப்பிடியே நெடுகத் தூக்கினபடி விட்டால்?"

"எண்ணெய் கசிஞ்சு கசிஞ்சு ஒருநாள் இறங்கியிடும். அதைப் பேசி என்ன? அதுக்கு ஏலாது, பாவம்."

அந்தக் கணத்தில் அவளுக்கு அந்த இரும்புச் சாமானில் ஒரு பாசமே வந்துவிட்டது.

மார்க்கண்டர் விடவில்லை, அவருக்கு இன்னும் விற்கவேண்டி இருந்தது. "தாங்கிறதுக்கு இந்த ஸ்ராண்ட். வெளிநாட்டுக்காரரின்ரை கார் எல்லாம் என்னெண்டு நிக்குதெண்டு நினைக்கிறியள்? நாலு மூலைக்கும் நாலு ஸ்ராண்ட் குடுத்து, சில்லுகளைக் கழட்டி உள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டுப் போகினம். வருசக்கணக்கா நிக்கும். சில்லில்லாத காரை எந்தக் கள்ளன் தள்ளிக்கொண்டு போறது?"

தயாளினி ஒரு ஸ்ராண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

"நாலு ஸ்ராண்ட் தாங்கோ."

ஜக்குக்கு அண்ணை அனுப்பியிருந்தார். ஸ்ராண்டுகளை அவள் ஊராருக்குச் சட்டை தைத்துச் சேர்த்த தன் காசில் வாங்கினாள்.

ஞாயிறு காலை சமைத்து முடித்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போர்ட்டிக்கோவுக்கு வந்தாள். கமராவுக்கு நேரே கீழேதான் கார். மற்றச் சில்லுகளுக்குக் கல் அடை கொடுத்தாள். நட்டுகள் அசையவில்லை. ஸ்பானரைக் கொளுவி அதன்மேல் ஏறி நின்று குதித்தாள். கிரீச் என்று இளகியது. ஜக்கை உள்ளே தள்ளி அமத்த, கார் முனகிக்கொண்டு எழும்பியது. காற்றுப்போன சில்லைக் கழற்றி எடுத்தாள்.

"பாத்தியே, எவ்வளவு லேசு!" என்றது கமரா. "நான் சொன்னனான் எல்லே. அப்பிடித்தான். இனி மாத்துச் சில்லைப் பூட்டு."

அவள் மாற்றுச் சில்லைத் தொடவில்லை. ஸ்ராண்டை வைத்து, ஜக்கை இறக்கி எடுத்து, அடுத்த மூலைக்கு உருட்டிப் போனாள்.

"தங்கச்சி, அது நல்ல சில்லெல்லே?"

நாற்பது தாண்டிய பெண்ணுக்கு அண்ணையில் பயம் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டில் அவர்கள் சொல்லாமல் அவள் செய்கிற முதல் காரியம் இதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரில் ஏறினாள். இரண்டாவது சில்லு கழன்றது. உள்ளே போன் அடித்தது, அவள் போகவில்லை. மூன்றாவதும் கழன்றது. கமரா ஒருபாடு கத்திவிட்டு, யாரையோ எழுப்பிக் கதைத்துவிட்டுத் திரும்பி வந்தது. நாலாவது சில்லையும் உருட்டிக்கொண்டுபோய் அம்மாவின் அறையில் சுவரோடு சாய்த்துப் பழைய படுக்கைவிரிப்பால் மூடினாள். பற்றரியின் வயரையும் கழற்றிவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, கிறீஸ் கையோடு வந்து கமராவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

"உனக்கென்ன விசரே? என்ன வேலை செய்திருக்கிறாய்?"

"கார் பத்திரமாய் நிக்குது, அண்ணை. ரயர் சப்பளியாது. கள்ளன் கொண்டுபோகான். வெள்ளிக்கிழமை ஓடவும் தேவையில்லை. நான் நாளைக்கு வவுனியாவுக்குப் போறன்."

"அப்ப வீட்டை ஆர் பாக்கிறது?"

"நீங்கள்தானே இரவுபகலாப் பாத்துக்கொண்டிருக்கிறியள். வீட்டுத் திறப்பு பக்கத்து வீட்டு உதயகலா ரீச்சரிட்டை இருக்கும்."

இந்தமுறை கமராவில் வந்த குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாகப் போனது.

"நாங்கள் உனக்கு என்ன குறை வைச்சனாங்கள், தயா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு கேள்விக்காகவே சில்லுகளைத் திரும்பப் பூட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பெட்டியை எத்தனை தரம் பிரித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"ஒரு குறையும் இல்லை, அண்ணை. அதாலைதான் இவ்வளவு காலமும் என்னாலை போக ஏலாமல் கிடந்தது."

"எல்லாம் சரி. ஆனியிலை நாங்கள் வரேக்கை இதுக்கு ஆர் சில்லுப் பூட்டுறது?"

"ஜக் அம்மாவின்ரை அறைக்குள்ளை கிடக்கு. நீங்கள் எல்லாரும் கதைச்சுப் பேசித் தெரிவுசெய்த ஜக்" என்றாள் தயாளினி. "நல்ல ஜக், அண்ணை. சின்னப்பிள்ளையும் தூக்கும்."

மறுநாள் விடிந்ததும் பெட்டியோடு புறப்பட்டாள். போர்ட்டிக்கோவில் கார் காலில்லாமல் நின்றது. பார்க்க ஒருமாதிரித்தான் இருந்தது, ஆனால் அசையவில்லை. கேற்றுச் சங்கிலியை இழுத்துக் கொளுவுகிறபோது முகட்டில் இருந்து குரல் கேட்டது. முதல்நாளில் இருந்து என்னென்ன யோசித்தாரோ, வாயில் வந்தது பழைய கேள்விதான்.

"தங்கச்சி, கேற் பூட்டினதோ?"

"ஓம் அண்ணை, பூட்டிட்டன்" என்றாள், றோட்டில் நின்றுகொண்டு.