நின்று காட்டிய நாள்

தேசிய மறுவாழ்வுக் கொள்கைப் புத்தகத்தை எங்கள் அலுவலகத்தில் முழுதாகப் படித்த ஒரே ஆள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. எந்த மாற்றுத்திறனாளியும் விடுபடக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். எப்படி விடுபடுவார்கள் என்பது அறுபத்தெட்டாம் பக்கத்தில் வரும்.

நான் களப்பணியாளர். வீடு வீடாகப் போய் விவரம் எழுதுவதால் ‘ஃபார்ம் அக்கா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஃபார்மின் கடைசியில் மூன்று கட்டங்கள்: ‘பயிற்சி தொடர்கிறது’, ‘முன்னேற்றம் இல்லை’, ‘மறுவாழ்வு பெற்றார்’. முதல் கட்டத்தில் டிக் இருக்கும்வரை வாரம் இரண்டு நாள் பிசியோ அம்மா வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பார். மற்ற இரண்டில் எதில் விழுந்தாலும் வரமாட்டார். அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். முதல் கட்டத்தையும் ஒன்றரை வருஷம்தான் நான் டிக் செய்யலாம். அதற்குப் பிறகு, இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பதா நிறுத்துவதா என்று அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார்.

நான் பார்த்துவந்த ஒரு பெயிண்டருக்கு அந்தக் கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கிய ஆள். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. படுத்தபடியே எதிர்ச்சுவரைக் காட்டி, பட்டி பார்த்துச் சமப்படுத்தாமல் எந்த மடையன் பெயிண்ட் அடித்தது என்று கேட்பார். நீதான் அடித்தாய் என்பாள் அவர் மனைவி.

அவள் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். காலையில் அவரைத் தூக்கிக் கழிவறையில் உட்கார வைத்து, திரும்பத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். இருட்டியபிறகுதான் வருவாள். அதனால் பகல் முழுக்க அவர் தண்ணீரே குடிக்கமாட்டார். இன்னும் ஆறு மாதம் பயிற்சி கிடைத்தால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகக் கழிவறைக்குப் போய்விடுவார் என்று பிசியோ அம்மா சொல்லியிருந்தார். நிறுத்தினால் முட்டி மடங்கி அப்படியே இறுகிவிடும் என்றும் சொல்லியிருந்தார்.

ஆக, எங்களுக்கு வேண்டியது அந்த ஆறு மாதம். முந்தின மாதம் வேறொரு வீட்டில், அதிகாரியைப் பார்த்த பயத்தில் ஒரு பெண் விரலைக்கூட அசைக்கவில்லை. ‘முன்னேற்றம் இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். பெயிண்டருக்கு அப்படி ஆகக் கூடாதென்று நான் ஒரு யோசனை சொன்னேன். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பத்து எண்ணும்வரை அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். மூன்று வாரம் வியர்க்க வியர்க்கப் பழகினார்.

அதிகாரி வந்த அன்று பெயிண்டரின் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அதிகாரி நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெயிண்டர் இஸ்திரி போட்ட சட்டையில், முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்து எழுந்தார். நான் மனசுக்குள் எண்ணினேன். பத்து வந்ததும் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினேன். மனிதர் உட்காரவில்லை. வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்து அதிகாரிக்கு ஒரு சல்யூட் வைத்தார். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டினார். நானும் தட்டினேன், எனக்கும் அழுகை வந்தது.

வாசலில் நின்று அதிகாரி ‘மறுவாழ்வு பெற்றார்’ என்ற மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தார். நான் பதறிப்போய், நீட்டிப்பு பற்றி வரும் அறுபத்தெட்டாம் பக்கத்தை ஒப்பித்தேன். ஆறு மாத நீட்டிப்பு கையை விட்டு நிற்க முடியாதவர்களுக்கு என்று சொன்னார்.

“அவர்தான் கையை எடுத்துட்டு நிக்கிறாரேம்மா, கண்ணால பார்த்தேன். நாற்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க.”

நாற்பது பேர் என்பது பொய்யில்லை. அந்தப் பட்டியலை எழுதியவளே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அடுத்தவர் காலுக்கு வைத்திருந்தேன்.

மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அடிபட்டு ஒரு வருஷத்துக்குள் இருந்தால்தான் புதிய விண்ணப்பம் செல்லும் என்று அதே கடிதத்தின் அடியில் இருந்தது. பிசியோ அம்மா தன் விடுமுறையில் நாலைந்து தடவை வந்து பார்த்தார். பிறகு அவருக்கு இன்னொரு வட்டாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள், அதுவும் நின்றது.

எட்டு மாதம் கழித்து, மறுவாழ்வு பெற்றவர்கள் இப்போது என்ன தொழில் செய்கிறார்கள் என்று எழுதிவரச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்ததும் அடுக்களைக்குள் போய்விட்டாள். பெயிண்டர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். போர்வைக்குள் இரண்டு முட்டியும் மடங்கியிருந்தன.

அழுத்திப் பார்க்கச் சொன்னார். முட்டிக்கு மேல் ஒரு கை, குதிகாலில் ஒரு கை என்று அவரே சொல்லிக்கொடுத்தார். ஆறு வருஷ வேலையில் ஒருவர் காலையும் நான் தொட்டதில்லை. பலம் கொண்டமட்டும் அழுத்தினேன். கொஞ்சமும் நீளவில்லை.

“விடுங்கக்கா. இனிமே வராதுன்னு பிசியோ அம்மாவே சொல்லிட்டாங்க.”

எனக்குத் தாங்கவில்லை. உங்களை நிற்கச் சொன்ன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றேன். அவர் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க பத்து எண்ணுற வரைக்கும்தான் சொன்னீங்க. நான்தான் ஆசைப்பட்டுக் கையை விட்டேன். அது அவளுக்குத் தெரியாது. நீங்க சொல்லித்தான் எல்லாம் செஞ்சேன்னு சொல்லி வச்சிருக்கேன். தினமும் உங்களைத்தான் திட்டுறா. அப்படியே இருக்கட்டும்கா. என்மேல வெறுப்பு வந்துட்டா, காலையில என்னை யாரு தூக்குவா?”

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன்.