ஆயில் சூடாகாத திங்கட்கிழமை

"பாம்... பாம்... பாம்... பாஆஆம்!"

சிப்காட் சாலையில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டிருந்த அஃப்ஸானா சடாரென்று பிரேக் பிடித்தாள். பின்னால் டூல்ஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்த இம்மானுவேல் விழாமல் தப்பியதே பெரிய விஷயம்.

"இன்னாம்மா, நாய் கீய் குறுக்க பூந்துச்சா?"

"அண்ணே, அந்த சைரனைக் கேட்டீங்களா? அது நம்ம சைரன்!"

மூன்று குட்டை, ஒரு நெட்டை. பழவேற்காட்டில் அவள் மாமா அஸ்கர் அலியின் படகு கரை திரும்பும்போது அடிக்கும் ஹாரன் அது. கம்பி வளைக்கும் மெஷினை ஓட்டுவதற்கு அவள் சாஃப்ட்வேர் எழுதியபோது, அதே ஓசையை ஆசையாக எச்சரிக்கை மணியாக வைத்திருந்தாள். அந்த சாஃப்ட்வேரை இதுவரை மூன்று பேருக்குத்தான் கொடுத்திருக்கிறாள். மூவரில் ஒருவருக்கும் இந்தத் தெருவில் ஷெட் கிடையாது.

ஆனால் சத்தம் வந்தது குப்புராஜின் ஷெட்டிலிருந்து! அவரைப் பார்க்கத்தான் இவர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். குப்புராஜ் புதிதாக ஆறு மெஷின் வாங்கப்போகிறார். அந்த ஆர்டர் கிடைத்தால் அஃப்ஸானாவும் இம்மானுவேலும் ஆரம்பித்த சின்னக் கம்பெனி நிமிர்ந்துவிடும். திருட்டுக் காப்பிக்குப் போனால், அன்றோடு போர்டைக் கழற்ற வேண்டியதுதான்.

இருவரும் உள்ளே ஓடினார்கள்.

ஷெட்டின் நடுவே பளபளவென்று ஒரு மெஷின். பக்கத்தில் டை கட்டிக்கொண்டு சின்னதுரை. எந்த மெஷினைப் பார்த்தாலும் அதேபோல் ஒன்று செய்து பாதி விலைக்கு விற்பவன். அவனுடைய மெக்கானிக் கலியன் ஆயில் டாங்கிக்குள் தலையை விட்டு வியர்த்துக்கொண்டிருந்தான். எதிரே, எந்நாளும் கறுப்புச் சட்டை போடும் குப்புராஜ். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்காத மனிதர். "காலையிலேயே கொண்டாந்து ஓட்டிக் காட்டு" என்று அவர்தான் சின்னதுரையை வரச் சொல்லியிருந்தார்.

"வாம்மா. ஒம்போது மணிக்குத்தானே வரச் சொன்னேன்?" என்றார் குப்புராஜ்.

"சார், இது என்னோட சாஃப்ட்வேர். காப்பி அடிச்சிருக்காங்க."

சின்னதுரை சிரித்தான். "தங்கச்சி, ஸ்கிரீனைப் பாரு. துரை கன்ட்ரோல்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. உன்னுது நீலம், என்னுது பச்சை. உன்னுதுல கம்ப்யூட்டர் பின்னாடி பூட்டு ஒண்ணு சொருகணும். என்னுதுல அது இருக்கா?"

"பூட்டை உடைச்சிட்டு, பூட்டே இல்லன்றியா?" என்று எகிறினார் இம்மானுவேல்.

"சைரன் ஒரே மாதிரி இருக்குன்னா திருட்டா? அப்ப ரோட்டுல ஓடுற லாரி எல்லாம் திருட்டு லாரியா?"

குப்புராஜ் கையை உயர்த்தினார். "சண்டை அப்புறம். சின்னதுரை, மெஷின் ஏன்யா ஓட மாட்டேங்குது?"

"ஆயில் சூடாகணும் சார். ஸ்கிரீன்லயே வருது பாருங்க. காலங்காத்தால குளிரு..."

"கும்மிடிப்பூண்டியில, சித்திரை மாசம், குளிரா?"

டாங்கியிலிருந்து தலையை எடுத்தான் கலியன். "ஒரு மாசமா பேஜாரு சார். ஆயிலை மாத்திட்டேன், ஹீட்டரை மாத்திட்டேன், சென்சரை மாத்திட்டேன். ஒரு நாள் காலைல மக்கர் பண்ணுது, ஒரு நாள் சாயங்காலம். தூக்கமே இல்ல."

அஃப்ஸானா கம்ப்யூட்டரின் மூலையில் தெரிந்த நேரத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை, எட்டு மணி தாண்டியிருந்தது. வயிற்றுக்குள் இருந்து ஒரு சிரிப்பு குபீரென்று கிளம்பியது. அடக்கிக்கொண்டாள்.

"சார், ஆயிலைத் தொட மாட்டேன். ஒயரைத் தொட மாட்டேன். ரெண்டு நிமிஷம் குடுங்க."

"எம் மெஷினை யாரும் தொடக் கூடாது!" என்று பாய்ந்தான் சின்னதுரை.

"ஓடாத மெஷினைத் தொட்டா இன்னாய்யா தேஞ்சா பூடும்?" என்றார் குப்புராஜ். "நீ பாரும்மா."

மவுஸைப் பிடித்தாள். காலண்டரைத் திறந்தாள். திங்களை செவ்வாயாக மாற்றினாள். அவ்வளவுதான்.

"அண்ணே, பட்டனை அமுக்குங்க!"

இம்மானுவேல் அமுக்கினார். கடகடவென்று உருளைகள் சுழன்றன. கம்பி விறுவிறுவென்று உள்ளே ஓடியது. மடங்கி, மடங்கி, டங்கென்று ஒரு சதுர வளையம் தரையில் விழுந்தது. தொடர்ந்து இன்னொன்று!

வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் எல்லாம் மெஷினைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

அஃப்ஸானா மெஷினை அணைத்தாள். மறுபடி திங்கட்கிழமை. மறுபடி பட்டன்.

"பாம்... பாம்... பாம்... பாஆஆம்!" ஸ்கிரீனில் ஆயில் சூடாகிறது, காத்திருக்கவும் என்று வந்தது.

குப்புராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஏன்யா சின்னதுரை, தேதியை மாத்துனா ஆயில் எப்படிய்யா சூடாகும்?"

சின்னதுரை டையைத் தளர்த்தினான். "அது... டெக்னிக்கல் சார்."

"அந்த டெக்னிக்கை நான் சொல்றேன் சார்" என்றாள் அஃப்ஸானா. "இதை மொதல்ல எளாவூர் பரசுராமன் சாருக்குத்தான் எழுதினேன். ராகு காலத்துல மெஷினை ஸ்டார்ட் பண்ணவே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. ஸ்கிரீன்ல ராகு காலம்னு வந்தா ஷெட்டுக்கு வர்ற பெரிய கம்பெனி ஆபீசருங்க சிரிப்பாங்கன்னு, ஆயில்னு போடச் சொன்னாரு. திங்கக்கெழம ஏழரையிலேர்ந்து ஒம்போது. ஏழு நாளுக்கும் காலண்டரைப் பாத்து எழுதினேன்."

"பாய் ஊட்டுப் பொண்ணு ராகு காலம் எழுதிச்சா?" குப்புராஜ் கறுப்புச் சட்டை குலுங்கச் சிரித்தார். "எங்கிட்டயே ராகு காலம் பாக்குற மெஷினை விக்க வந்தியாடா?"

"சார், இந்தப் பொண்ணு கதை கட்டுது!" சின்னதுரை கத்தினான். "அந்தப் பரசுராமன் யாருன்னே எனக்குத் தெரியாது. அவர் ஷெட்டு வாசப்படியைக்கூட நான் மிதிச்சதில்ல!"

அதற்குள் கலியன் துள்ளி எழுந்தான். ஒரு மாதத் தூக்கம் ஒரே நொடியில் கிடைத்துவிட்டதுபோல் அவன் முகம் மலர்ந்தது.

"ஆமாண்ணே, அதான் விஷயம்! அன்னிக்கி புதங்கெழம, பரசுராமன் ஷெட்டுல நான் சிடியில காப்பி எடுக்க, நீ வாசல்ல காவல் நின்னியே, அப்பகூட ஒன்றர மணிக்கு அப்பால தானே அவங்க மெஷினை ஸ்டார்ட் பண்ணாங்க!"