லோரியின் உயரம் கேட்கும் பெட்டி

இந்தக் காலத்து மனிதர்களுக்கு வாய் இருப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான் என்பது காத்தமுத்துவின் முடிவு. வழி கேட்கவும் அது உதவாது, வழி சொல்லவும் உதவாது. பிரிக்பீல்ட்ஸில் காரை ஓரங்கட்டிவிட்டு, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கவிட்டிருந்த ஒருவனிடம், "தம்பி, காருக்கு ரேடியோ, கேமரா விக்கிற ஜாபர் அலி கடை எங்கே?" என்று கேட்டார். அவன் தலையைத் தூக்கவில்லை. போனில் எதையோ தட்டி, அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். நீலக் கோடு ஒன்று நெளிந்து கிடந்தது.

"படத்தைக் காட்டாத. கையைக் காட்டு" என்றார்.

கையைக் காட்டினான். கடை அவன் முதுகுக்குப் பின்னால், நாலு கடை தள்ளி இருந்தது.

காத்தமுத்துவுக்கு எழுபத்தொரு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். காப்பார் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவர். வழி சொல்லும் பெட்டி வாங்க நீயே கடை தேடிப் போவாய் என்று போன மாதம் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். ஆனாலும் வந்துவிட்டார். வாங்காமல் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் வந்தார். மகளுக்காக.

மகள் லோகேஸ்வரி கிள்ளானில் ஓர் அரிசிக் கிடங்கில் மூன்று டன் பெட்டி லோரி ஓட்டுகிறாள். அங்கே பெண் டிரைவர் அவள் ஒருத்திதான். இரண்டு வாரத்துக்கு முன்னால், ரயில் பாதைக்கு அடியில் போகும் ஒரு குறுக்குச் சாலையில், உயரமான வண்டிகளைத் தடுக்கப் போட்டிருக்கும் மஞ்சள் இரும்புக் கம்பியில் லோரியின் கூரையை இடித்துவிட்டாள். போன் காட்டிய வழி அது. அவள் ஓட்டுவது காரா லோரியா என்று போனுக்கு என்ன தெரியும்? கிடங்கு முதலாளியான சீனத் தௌக்கே கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "ரெண்டு வாரம் கழிச்சுத் திங்கக்கிழமை லோரி ரெடி. இன்னொரு வாட்டி இடிச்சா சாவிய மேசையில வச்சிட்டுப் போயிரு" என்று அமைதியாகச் சொன்னான். புருஷன் செத்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கனரக லைசன்ஸுக்கு மூன்று தடவை சோதனை எழுதிப் பிடித்த வேலை.

அவள் அப்போது அப்பாவிடம் ஒன்று சொன்னாள். "போகும்போது அதே கம்பிக்கு அடியிலதான்ப்பா போனேன். ஒரசவே இல்ல. அரிசிய எறக்கிட்டுத் திரும்பும்போதுதான் இடிச்சிருச்சு."

"அரிசியோட போன லோரி காலியா வரும்போது வளந்திருச்சா? யாருகிட்ட கதை விடுற? போனப் பாத்துக்கிட்டே ஓட்டியிருப்ப" என்றார் காத்தமுத்து.

அவர் லோரியில் குலை ஏற்றினால் குவியல் வானத்தைத் தொடும். இறக்கிவிட்டால் ஒன்றும் இருக்காது. காலி லோரி கம்பியில் இடிக்குமா? முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவனிடமா இந்தச் சாக்கு? "இல்லப்பா, நான் ரோட்டத்தான் பாத்தேன்" என்று மறுத்துவிட்டு எழுந்து போனாள் லோகேஸ்வரி. அன்றிலிருந்து சோற்றை வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

இன்று சனிக்கிழமை. லோரியின் உயரத்தைச் சொன்னால் அதற்கேற்ற வழியை மட்டும் காட்டும் பெட்டி இருப்பதாகப் பழைய டிரைவர் ஒருவர் சொல்லித்தான் கிளம்பி வந்தார்.

ஜாபர் அலி இராமநாதபுரத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆன மனிதர். சிரித்தபடியே மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது கார் மாடல் அங்கிள். இது கொஞ்சம் பெருசு. இதான் லோரி மாடல். லோரியோட ஒசரம், அகலம், எடை எல்லாம் கேக்கும். தாழ்வான பாலத்துப் பக்கமே கூட்டிட்டுப் போகாது."

"போன் லைன் செத்துப்போச்சுன்னா? செமினி உள்ளுக்க புதுசா வீடு கட்டுன தாமான்ல எல்லாம் லைன் கிடைக்கலங்கிறா என் மக."

"மேப் பெட்டிக்குள்ளேயே இருக்கு. லைன் வேணாம். மேல சாட்டிலைட் பாத்துக்கும்."

"மேல இருக்கிறவனுக்குக் கீழ கம்பி எவ்வளவு தாழ்வா இருக்குன்னு எப்படித் தெரியும் பாய்?"

ஜாபர் அலி தாடியைச் சொறிந்தார். "யாராச்சும் அளந்து எழுதி வச்சிருப்பாங்கல்ல."

"யாரு?"

"அது... கம்பெனில."

"அந்த ஆளு பேரு தெரியுமா?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த ஜாபர் அலியின் மனைவி ரிஸ்வானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தமிழ் பேசுமா?"

"மலாய் பேசும், இங்கிலீஷ் பேசும். தமிழ் இல்ல அங்கிள்."

"நல்லதாப் போச்சு. தமிழ்ல பேசினா எதுத்துப் பேசிப் பேசியே எனக்குத் தொண்டை கட்டிரும்."

காத்தமுத்து லோரி மாடலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ரோஜாப்பூக் காகிதத்தில் சுற்றித் தரவா என்று ஜாபர் அலி கேட்டதற்கு, "என்ன கல்யாணமா?" என்றார். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார். "நான் டயர் வாங்கினாக்கூட உருட்டிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். இதையும் ஓட்டிப் பாக்கணும். நீங்க என்கூடக் கிள்ளானுக்கு வாங்க."

"கிள்ளானுக்கா? இப்பவா?"

"என் மக இடிச்ச கம்பி அங்கதான் இருக்கு. அந்தப் பக்கம் போகாதன்னு பெட்டி சொல்லிச்சுன்னா அங்கேயே காசு. சொல்லலைன்னா பெட்டி உங்களோடது, நீங்க திரும்புற டிக்கெட் செலவு என்னோடது."

"போயிட்டு வாங்க. இல்லன்னா அவரு இங்கயே உக்காந்துருவாரு" என்றாள் ரிஸ்வானா.

உயரம் போடுவதற்காகக் காத்தமுத்து மகளுக்குப் போன் செய்தார். "லோகா, ஒன் லோரி எவ்வளவு ஒசரம்?"

"மூணு புள்ளி ஒண்ணு ரெண்டு மீட்டர். கிடங்குல அளந்து கதவுல எழுதியிருக்கு. ஏன்?"

"சும்மா."

வைத்துவிட்டார். ஜாபர் அலி அந்த எண்ணை அழுத்தினார். காத்தமுத்துவின் பழைய சாகா கார், தன்னை மூன்று டன் லோரி என்று நினைத்துக்கொண்ட ஒரு பெட்டியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிளம்பியது.

வழி முழுக்கச் சண்டைதான். பெட்டி இடது பக்கம் போகச் சொன்ன இடத்தில் வேண்டுமென்றே வலது பக்கம் திருப்பினார். கோபப்படுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அது கோபப்படவில்லை; அடுத்த வழியைச் சொன்னது. மறுபடி மீறினார். மறுபடி வேறு வழி சொன்னது. "சூடு சொரணை இல்லாத சாமான் பாய் இது" என்றார். ஜாபர் அலி மேலே இருந்த கைப்பிடியை விடவே இல்லை.

கிள்ளானில் அந்தக் குறுக்குச் சாலை வந்தது. பெட்டி, "தெருஸ்" என்றது. நேரே போ.

காத்தமுத்து சடாரென்று ஓரத்தில் நிறுத்தினார். எதிரே மஞ்சள் கம்பி. கம்பியில் 3.2 என்று எழுதியிருந்தது. அதன் நடுவில், பெயின்ட் உரிந்து, வெள்ளித் தகரத்தின் கீறல் இன்னும் மினுங்கியது.

"பாத்தீங்களா! நேராப் போகச் சொல்லுது! இதே எடத்துலதான் இடிச்சா!" வெற்றி பெற்றவர் போல ஸ்டியரிங்கைத் தட்டினார். தட்டிய வேகத்திலேயே முகம் வாடியது. பெட்டி தோற்றுவிட்டது, சரி. திங்கட்கிழமைக்கு என்ன செய்வது?

ஜாபர் அலி கம்பியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்கிள், பெட்டி தப்பா சொல்லலையே. கம்பி மூணு புள்ளி ரெண்டு. லோரி மூணு புள்ளி ஒண்ணு ரெண்டு. மூணு அங்குலம் எடம் மிச்சம். போகணுமே?"

"போகல. இடிச்சுது."

"போகும்போதா, வரும்போதா?"

"வரும்போது."

"அப்ப போகும்போது போயிருக்கு?"

காத்தமுத்து கம்பியை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். காரைக் கிடங்குப் பக்கம் திருப்பினார்.

கிடங்கு வாசலில் இரண்டு லோரிகள் நின்றன. பழுது பார்த்து வந்த லோரியை லோகேஸ்வரி துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு பாயோடு இறங்குவதைப் பார்த்ததும் துணி அப்படியே நின்றது.

"எதுக்குப்பா இங்க வந்தீங்க? தௌக்கேகிட்ட எதாச்சும் பேசப் போறீங்களா? வேணாம்ப்பா, சொல்லிட்டேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அதே அச்சில் வார்த்ததுபோன்ற பக்கத்து லோரியைப் பார்த்தார். அதில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது கிலோ மூட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் விழுந்தன. ஒவ்வொரு மூட்டைக்கும் பின்பக்க ஸ்பிரிங் லேசாக முனகியது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. ஸ்பிரிங் அமுங்குவது அவருக்குப் புதிதா? எத்தனை பட்டையை மாற்றியிருக்கிறார், எத்தனை தடவை அடியில் படுத்திருக்கிறார். ஆனால் எப்போதும் கீழேயே பார்த்துப் பழகிய கண். அவர் லோரிக்குக் கூரை இல்லை. இதற்குக் கூரை இருந்தது. டயர் பக்கம் எவ்வளவு சுருங்கியதோ, அவ்வளவு கூரையும் கீழே இறங்கியது.

"இந்தக் கதவுல எழுதின ஒசரத்த எப்ப அளந்தாங்க?" என்று கேட்டார்.

"சரக்கு ஏத்தி முடிச்சு, கெளம்பும்போது. ஏன்ப்பா?"

"ஏணி எங்க? அளவு டேப்பு எங்க?"

"நீங்க ஏறாதீங்க. நான் ஏறுறேன்."

லோகேஸ்வரி ஏணியில் ஏறினாள். ஜாபர் அலி கீழே டேப்பின் நுனியைத் தரையில் அழுத்திக்கொண்டு குந்தினார். காலி லோரியின் பின் விளிம்பில் அவள் டேப்பைப் பிடித்தாள். புதிதாகப் பூசிய வெள்ளைப் பெயின்டுக்கு அடியிலும் தட்டி எடுத்த நெளிசல் தெரிந்தது. பின் விளிம்பில் மட்டும், ஸ்பிரிங் நிமிரும் பக்கம். முன்னால் ஒரு கீறல்கூட இல்லை.

"எவ்வளவு?"

அவள் படித்தாள். நம்பாமல் மறுபடி படித்தாள். "மூணு புள்ளி ரெண்டு ஒண்ணு."

ஜாபர் அலி மெல்ல விசிலடித்தார். "கம்பியவிட ஒரு சென்டி மேல."

ஏணியில் நின்றபடியே லோகேஸ்வரி அப்பாவைப் பார்த்தாள். காத்தமுத்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலால் அதை ஒரு உதை உதைத்தார்.

"வளருதுதான்" என்றார்.

"என்னப்பா?"

"காலியா வந்தா லோரி வளருது. நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. எறங்கு, ஏணி ஆடுது."

ஏணி ஆடவில்லை. அவள் இறங்கினாள். கண்ணைத் துடைத்த துணி லோரி துடைத்த துணி என்பதைக் கவனிக்கவில்லை. கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"ரெண்டு வாரமாச்சு, இதச் சொல்ல" என்றாள்.

"நான் முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியும் தெரியல. இப்பத்தான தெரிஞ்சுது. பாய், அந்தப் பெட்டிய எடுத்துட்டு வாங்க. ஒசரத்த மாத்துங்க. மூணு புள்ளி மூணுன்னு போடுங்க."

"மூணு புள்ளி ரெண்டு ஒண்ணுதான அங்கிள் அளவு?"

"ரோட்டுல மேடு இருக்கும். டயருல காத்துக் கூடும். போடுங்கன்னா போடுங்க."

பெட்டியை லோரியின் கண்ணாடியில் ஒட்டினார்கள். மூவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். லோகேஸ்வரி காலி லோரியை அதே குறுக்குச் சாலைக்கு விட்டாள். அவள் கை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருப்பதைக் காத்தமுத்து ஓரக்கண்ணால் பார்த்தார். கம்பிக்கு இரண்டு சந்திப்புகள் முன்னால், "பெலோக் கிரி" என்றது பெட்டி. இடது பக்கம். அவள் இடது பக்கம் திரும்பினாள். கோயில் பின்புறம், பள்ளிக்கூட மதில், நாசி கண்டார் சோற்றுக் கடை என்று சுற்றி, மேம்பாலத்தில் ஏறி, ரயில் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது லோரி. தலைக்கு மேலே ஆகாயம் தவிர வேறு எதுவும் இல்லை.

லோகேஸ்வரி மூச்சு விட்டாள். "பத்து நிமிஷம் கூடுதல். ஆகட்டும். தௌக்கேகிட்ட நானே சொல்லிருவேன், கதவுல எழுதின அளவு தப்புன்னு. மத்த டிரைவருங்களும் அதைத்தான நம்பிப் போறாங்க?"

"டேப்பையும் கொண்டு போய் அவன் முன்னாடியே அளந்து காட்டு" என்றார் காத்தமுத்து.

கிடங்குக்குத் திரும்பியதும் பெட்டிக்கான பணத்தை ஜாபர் அலியிடம் கொடுத்தார். மீதி இருபது வெள்ளியை அவர் நீட்டியபோது, "ரயில் டிக்கெட்டுக்கு வச்சுக்குங்க" என்றார்.

ஜாபர் அலிக்கு வியாபாரம் முடிந்த சந்தோஷம். "இப்பவாச்சும் பெட்டிய நம்புறீங்களா அங்கிள்?"

"எதுக்கு நம்பணும்? காலையில பொய்யான ஒசரத்தக் கொடுத்தோம். சரின்னு கேட்டுக்கிச்சு. அப்புறம் வேற ஒசரம் கொடுத்தோம், அதுக்கும் சரிங்குது. நாம என்ன சொன்னாலும் மறுத்துப் பேசாத சாமான நான் நம்ப மாட்டேன். இவ அன்னிக்கு மறுத்துப் பேசினாளே." மகளைப் பார்த்துத் தாடையை ஆட்டினார். "லோகா, அது என்ன சொன்னாலும் கம்பியக் கண்டா வண்டிய நிறுத்து. எறங்கு. அண்ணாந்து பாரு. பின்னாடி ஹார்ன் அடிச்சான்னா அடிக்கட்டும்."

"சரிப்பா. பெட்டிக்குத் தேங்க்ஸ்."

"எனக்கு எதுக்குத் தேங்க்ஸ்? நானா வழி சொல்லப் போறேன்?"

அவள் சிரித்துக்கொண்டே திங்கட்கிழமை போக வேண்டிய விலாசத்தைத் தட்டினாள். பெட்டி உடனே மலாயில் ஆரம்பித்தது: இத்தனை மீட்டர், அப்புறம் வலது, அப்புறம் நேரே.

"ஜாகாகிட்ட கேட்டா இதவிடத் தெளிவா சொல்லுவான்" என்று முனகியபடி, கேட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் காவல்காரனைக் கடந்து, ஜாபர் அலியை ஸ்டேஷனில் விடக் காரைப் பார்த்து நடந்தார் காத்தமுத்து. பெட்டி பின்னால் பேசிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.