கம்பளிக்கு வெளியே ஒரு டம்ளர் பால்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. என் கோபமல்ல, எங்கள் குடும்பத்தினுடையது. இலங்கை மலையகத்தில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவரின் வம்சம் நாங்கள். அவருடைய மனைவி கருப்பம்மா, சாகக் கிடந்த ஒருத்திக்குப் பால் கொண்டுபோனாள். கிடந்தவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவள் புருஷனோ கருப்பம்மாவை வெளியே நிற்கச் சொன்னான். நடந்தது 1913இல். எங்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை. அந்தப் பித்தளை டம்ளர்கூட இருக்கிறது. [அதில் இப்போது ஊதுபத்தி செருகுகிறோம்.]

2

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

மலையில் மூட்டம் இறங்கிய ஒரு காலையில்... வேண்டாம். அங்கே மூட்டம் இறங்காத காலை எது?

மாரியாயியின் வயிற்றில் கட்டி வந்து... இதுவும் சரியில்லை. ஒருத்தியை அவளுடைய நோயைச் சொல்லியா அறிமுகப்படுத்துவது?

சரி, இப்படி: மாரியாயி தலைவாரிக் கொண்டை போடாமல் பெரட்டுக்குப் போனதே இல்லை. விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி எண்ணும் அந்த இடத்துக்குக் கடைசியாக வந்து ஏச்சு வாங்குவாளே தவிர, கலைந்த தலையோடு வரமாட்டாள். அப்படிப்பட்டவள்தான் இரண்டு மாதமாக எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். தோட்டத்து மருந்துக்காரர் வலிக்கு ஒரு சீசா மருந்து கொடுத்து, இனி லயத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

3

பார்த்துக்கொண்டவன் அவள் புருஷன் வீரய்யா. லயம் என்பது காம்பரா என்ற ஒற்றை அறைகளின் வரிசை. பக்கத்துக் காம்பராப் பெண்கள் உதவிக்கு வந்தார்கள். மாரியாயி சம்மதிக்கவில்லை.

"இந்தக் கோலத்துல என்னைய வேற யாரும் பாக்கக் கூடாதுங்க" என்றாள்.

அவன் வாக்குக் கொடுத்தான். ஒற்றை அறை, கதவு பெயர்ந்து போயிருந்தது. அவளைத் துடைத்துவிடும்போதெல்லாம், மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளியை வாசலில் கட்டினான்.*

[இந்த வீரய்யாமேல் எனக்கே சந்தேகம். அந்தக் காலத்து ஆம்பளை பெண்டாட்டியின் அழுக்குத் துணியைப் மலையிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீரில் அலசியிருப்பானா? அலசினான். எங்கள் வீட்டார் அதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். அதனால் உண்மையாகத்தான் இருக்கும்.]

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல பகல். வாசலில் கம்பளி தொங்குவதை லயத்து ஆட்கள் பார்த்தார்கள். மற்ற நாட்களில் அவன் வேலைக்குப் போகுமுன்னும் இருட்டிய பிறகும்தான் கட்டுவான், அதனால் கண்ணில் பட்டதில்லை. பகலில் வாசலை மறைத்திருக்கிறான் என்றால் உயிர் பிரியப் போகிறது என்று அவர்களாகவே முடிவுகட்டினார்கள். செய்தி கங்காணி வீட்டுக்குப் போயிற்று.

உயிர் போகுமுன் வாயில் பால் ஊற்ற வேண்டும். முதல் பால் கங்காணி வீட்டுப் பால். மாடு இருந்ததும் அங்கே மட்டும்தான். தாமதமாகிவிடக் கூடாதே என்று கருப்பம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். பின்னால் பத்துப் பேர். [அவள் கெட்டவளல்ல. என் கை அவள் பக்கம் சாய்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.]

குரல் கொடுக்காமல் கம்பளியைத் தூக்கினாள்.

உள்ளே மாரியாயி, உடம்பில்...

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. பத்துப் பேர் பார்த்தது போதும்.]

மாரியாயிக்கு நினைவு தெளிவாக இருந்தது. எல்லோரையும் பார்த்தாள், டம்ளரையும் பார்த்தாள், வாயை இறுக மூடிக்கொண்டாள். வீரய்யா தோளில் கிடந்த துண்டை அவள்மேல் போட்டான்.

"கங்காணியம்மா, அவ இன்னும் உசுரோடதான் இருக்கா. வெளிய நில்லுங்க."

5

முடிவு (அ): கருப்பம்மா வெளியே காத்திருந்தாள். சற்று நேரத்தில் மாரியாயி கொண்டை போட்டுக்கொண்டு, தானே கேட்டுப் பால் குடித்தாள். எழுதி முடித்ததும் எனக்கு அப்படியொரு நிம்மதி. கங்காணி வீட்டுப் பேரனுக்கு வருகிற நிம்மதி அது. அடித்துவிட்டேன்.

முடிவு (ஆ): கருப்பம்மா பாலை வாசலிலேயே கொட்டிவிட்டுத் திரும்பினாள். நான்காம் நாள் மாரியாயி போய்விட்டாள். அன்றைக்குப் பால் இல்லை. நாங்கள் அனுப்பவில்லை. வீரய்யா கஞ்சித் தண்ணீரை ஊற்றினான், அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கொண்டையையும் அவனே போட்டுவிட்டிருந்தான், கோணலாக. அதற்கும் எங்கள் வீட்டில் சிரித்தார்கள். சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

* அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை, நல்ல மழை. வீரய்யா தலையில் ஒன்றுமில்லாமல் பெரட்டில் நின்றான். கம்பளியை வாசலோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டு வந்திருந்தான்.

6

மாரியாயியின் சாவை என்னால் மாற்ற முடியாது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கதையைத் திருப்பிக் கொண்டுபோகிறேன். கம்பளி தொங்குகிறது. உள்ளே துணி பிழியும் சத்தம் கேட்கிறது. பால் இன்னும் சூடாக இருக்கிறது. இந்தத் தடவை டம்ளரை எங்கள் வீட்டார் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

நீங்கள் பிடியுங்கள். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், சீக்கிரம் என்கிறார்கள். நீங்கள் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவள் வரச் சொல்லுகிறாளா என்று கேளுங்கள்.