அட்டையில் ஒட்டிய பச்சைப் பொட்டு

“ஏட்டி, இதுல கடைசில யாரும் சாவாங்களா?”

கதை நோட்டை நீட்டி மாடத்தி இப்படிக் கேட்டபோது எழிலரசி குழம்புக் கரண்டியை எடுத்தாள். படித்தால் தெரியப்போகிறது, அதை முன்னாலேயே ஏன் சொல்ல வேண்டும்? குழம்பைத் துழாவிக்கொண்டே நின்றாள். மாடத்தி நோட்டை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பென்னலூரில் செல்போன் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் அது. எழிலரசியின் அம்மா ராஜம்மா அங்கே சமையல். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எழிலரசி அம்மாவுக்குக் கூடமாட இருந்தாள். நாலு பேர் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. ஆனால் ஏழரை மணி சீரியலை டிவிக்காரன் பாதியில் நிறுத்தி, கதாநாயகி செண்பகத்தைப் பெட்டியோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கவிட்டுப் போனதை அவளால் தாங்க முடியவில்லை. மீதியைத் தானே எழுதினாள். ஒரு நோட்டில் செண்பகம் புருஷனிடம் திரும்பினாள். இன்னொன்றில் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த நோட்டுகளை மூன்றாம் ரூம் சுகப்பிரியா கண்டுபிடித்தாள். அதன்பிறகு மாடத்தி, இசக்கி என்று அந்த ரூமே படித்தது.

சுகப்பிரியாவுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. நல்ல பீஸுக்குப் பச்சைப் பொட்டு ஒட்டுவாள், பழுதுக்குச் சிவப்பு. மீந்த ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்து நோட்டு அட்டைகளிலும் ஒட்ட ஆரம்பித்தாள்.

“சாவு இருந்தா செவப்பு. கட்டிப்பிடிச்சா மஞ்சள். நல்லபடியா முடிஞ்சா பச்சை. மாடத்தி ஒவ்வொரு நோட்டுக்கும் கேட்டுக்கிட்டே கெடக்கா, பாவம்.”

“அந்த மஞ்சள மொதல்ல இங்க குடு,” என்றாள் இசக்கி.

“பேரு சாமி பேரு. கேக்குறதப் பாரு,” என்றாள் சுகப்பிரியா.

எழிலரசிக்கு இலையில் வைத்த இட்லியை எவளோ விரலால் குத்திப் பார்த்துவிட்டு வைத்த மாதிரி இருந்தது. சுகப்பிரியா பின்னட்டையில் எந்தப் பக்கத்தில் என்ன வருகிறது என்றும் எழுதிவைத்தாள். இசக்கி எச்சில் தொட்டு நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டினாள், படித்தாள், சிரித்தாள், கட்டிலில் எறிந்தாள். மற்ற பக்கங்கள் மடங்காமல் அப்படியே கிடந்தன. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் எச்சில் கறை. எழிலரசி அதை முந்தானை நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“இன்னாத்துக்குக்கா இது? முன்னாடியே சொல்லிட்டா அப்பறம் கதை எதுக்கு?” ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டாள்.

“கொழம்புல ஒறைப்பு கூடன்னு நீ மொதல்லயே சொன்னா நான் தயிர் வாங்கிக்கிடுவேன்லா? அது மாதிரிதான்,” என்றாள் சுகப்பிரியா. “பொட்ட மட்டும் உரிச்சிராத. எங்க லைன்ல ஒருத்தி செவப்ப உரிச்சிட்டுப் பச்சைய ஒட்டுனா. அன்னைக்கே கேட்டுக்கு வெளிய.”

எழிலரசி எழுதியதிலேயே நல்ல நோட்டு ஒன்று சிவப்புப் பொட்டோடு தூசி பிடித்துக் கிடந்தது. அதில் செண்பகம் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருப்பாள். சிரித்துக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவாள். அந்தச் சாவு படிப்பவளுக்குக் காலடியில் படி இல்லாமல் போன மாதிரி வர வேண்டும். மாடத்திக்கு அப்படி வர வேண்டும். உதடு அசைய, ஒரு வரியையும் தாண்டாமல் படிப்பவள் அவள் ஒருத்திதான். அவளோ பச்சையை மட்டும்தான் எடுத்தாள்.

பெருக்கப் போன நேரத்தில் ரூமில் யாரும் இல்லை. எழிலரசி சிவப்பை நகத்தால் சுரண்டி உரித்தாள். வேறொரு நோட்டிலிருந்து பச்சையைப் பெயர்த்து அங்கே ஒட்டினாள். பின்னட்டைக் குறிப்பின் மேல் காலண்டர் தாளை ஒட்டி மறைத்தாள். விரல் நுனியில் பசை கறுப்பாக ஒட்டிக்கொண்டது. சோப்புக்கும் போகவில்லை.

மறுநாள் மதியம் மாடத்தி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அந்த நோட்டைப் படித்தாள். எழிலரசி சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள். பொரியல் அடிப்பிடித்தது. மாடத்தி ஒரு இடத்தில் சிரித்தாள். பிறகு உதடு நின்றது. முகம் எப்படி மாறும் என்று எழிலரசி நினைத்திருந்தாளோ அப்படியே மாறியது. அந்த நொடி அவளுக்குத் தித்தித்தது.

மாடத்தி நோட்டை மூடினாள். குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

இசக்கி தட்டோடு வந்தாள். “மாடத்திக்குச் சோறு வேண்டாமாம்.”

“இன்னா ஆச்சுக்கா?”

“பச்சைன்னு நம்பி எடுத்திருக்கா. பாத்தா, கெணத்துல விழுந்து சாவுற கதை. போன ஆடியில அவ தங்கச்சி அப்படித்தான் போனா. வெளிய எடுக்கும்போது இவதான் கூட நின்னா. ஒனக்குத் தெரியாதா? அவளுக்காகத்தான சுகா பொட்டே ஒட்டுனா.”

‘தண்ணீருக்கு மேல் முதலில் பின்னல்தான் வந்தது.’ அந்த நோட்டில் எழிலரசி அடித்து அடித்து எழுதிச் சரியாக வந்த வரி. இப்போது நினைத்தால் அடைத்த சாக்கடை நாற்றம் அடித்தது. அதைவிட, ஜன்னலில் நின்று தித்திப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த தன் முகத்தை நினைக்கத்தான் அருவருப்பாக இருந்தது. பொட்டுகள் மேல் இருந்த அருவருப்பும் குறையவில்லை.

சாயங்கால ஷிப்டுக்கு யூனிபார்மில் கிளம்பிய மாடத்தி ஜன்னலுக்கு வந்தாள். எழிலரசி டிபன் பாக்ஸை நீட்டினாள். அக்கா, நான்தான் மாத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். மாடத்தி பாக்ஸை வாங்கவில்லை. அதைப் பிடித்திருந்த விரலில் கறுத்துக் கிடந்த ஸ்டிக்கர் பசையைத்தான் பார்த்தாள்.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மாடத்தி நோட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனாள்.