ஏரிக்கரையில் கிழங்குக் கறி

"ஒரு பாண் தாங்க" என்று லீலா கேட்டதும் பேக்கரிக்காரர் அலமாரியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சின்னத்தாயி அவள் விரல் காட்டிய பக்கம் கவனித்து, "ரொட்டியக் கேக்குறாங்க" என்றாள். லீலாவுக்கு ரொட்டி என்றால் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து கல்லில் சுடுவது. அதைச் சொன்னதும், "தேங்காயப் போட்டா? நல்லாவா இருக்கும்?" என்று சின்னத்தாயி நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள்.

லீலா கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியா, இலங்கை இரண்டு சர்க்காரும் பேசி முடித்ததில், போன மாதம்தான் பார்த்தே இராத நாட்டுக்குத் 'திரும்பி' வந்திருந்தாள். புருஷன் குருநாதனுக்குக் கொடைக்கானல் காட்டில் மரப்பட்டை உரிக்கிற வேலை. திருச்சியிலிருக்கும் அவன் சித்தப்பாவோ மில் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டு, வருகிறாயா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீ ஊரச் சுத்திப் பாத்துட்டு வா. இருக்கவா போகவான்னு நீயே சொல்லு" என்று குருநாதன் விட்டுவிட்டான்.

சுற்றிக் காட்ட வந்தவர்கள் மேல்மலைப் போளூர் வேலுச்சாமியும் அவர் பெண்டாட்டி சின்னத்தாயியும். சந்தைக்கு வரும்போதெல்லாம் லீலா வீட்டு வாசலில் மூட்டை சுமக்கிற குதிரைக்குத் தண்ணீர் காட்டப்போய்ப் பழக்கம். இன்றைக்குப் பூண்டு மூட்டையை வெள்ளனே விற்றுவிட்டு அவளோடு கிளம்பிவிட்டார்கள். பண்ணைக்காட்டு மலைவாழைப்பழத்தைத் தோல் கறுத்திருக்கிறதே என்று அவள் தயங்க, "கறுத்தாத்தான் ருசி" என்று சின்னத்தாயி உரித்தே கொடுத்தாள். தின்ற பிறகு லீலா இன்னொன்றைக் கேட்டு வாங்கினாள்.

மலை விளிம்புப் பாதையில் மூவரும் நின்றபோது மேகம் விலகியது.

"வெள்ளகவி ஊரு இந்த முகட்டுக்கு அடியில கெடக்கு. ஒத்தையடித் தடந்தான். அங்கிட்டு மினுங்குது பாருங்க, வைகை டேமு" என்றார் வேலுச்சாமி.

"கடல் தெரியுமாண்ணே?"

"அது மதுரையெல்லாம் தாண்டில்ல கெடக்கு. எதுக்கு தங்கச்சி?"

"சும்மாதான்." கூடப்பிறந்த அக்காவுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்து அவள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டதை லீலா சொல்லவில்லை.

வெயில் ஏறியதும் ஏரிக்கரைப் புல்லில் உட்கார்ந்தார்கள். சின்னத்தாயி கேழ்வரகுக் களியும் பூண்டுக் குழம்பும் அவிழ்த்தாள். லீலாவும் தூக்குவாளியைத் திறந்தாள். "நானும் கறி ஆக்கிக் கொண்டாந்திருக்கேன்ணே."

வேலுச்சாமி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். எழுந்து நாலு எட்டு தள்ளிப் போய் ஏரியைப் பார்த்து நின்றார்.

கப்பல் ஏறும் முன்பே தோட்டத்தில் லீலாவிடம் சொல்லியிருந்தார்கள், அங்கே போனால் என்ன ஆள், என்ன சாதி என்று கேட்பார்கள், உன் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்கள் என்று. மூடியை எடுத்து வாளியை மூடப்போனாள். பிறகு மனசு கேட்காமல், "நான் ஆக்குனத நீங்க சாப்பிட மாட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"அய்ய, அப்படியில்ல. அவுக பழனிக்கு மாலை போட்டுருக்காக. பங்குனி உத்திரம் முடியுற வரைக்கும் கறி புழங்கக் கூடாது."

"கெழங்குக் கறிதானேக்கா."

சின்னத்தாயி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். தேங்காய்ப்பாலில் மஞ்சளாகக் கிடந்தன உருளைக்கிழங்குத் துண்டுகள். "இதையா கறின்னீக? இங்க கறின்னா ஆட்டுக்கறிதான்" என்று சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வேலுச்சாமி திரும்பி வந்து சம்மணம் போட்டார். ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"இது நம்ம காட்டுக் கெழங்குதானா?" என்றார். "இன்னுங் கொஞ்சம் வைங்க."

களியை மென்றுகொண்டிருந்த லீலாவை, அதை மெல்லாமல் அப்படியே விழுங்கவேண்டும் என்று சின்னத்தாயி திருத்தினாள். முதல் உருண்டை லீலாவுக்குத் தொண்டையில் நின்றது. இரண்டாவது இறங்கியது.

பொழுது சாய வீட்டுக்கு வந்த குருநாதன் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தான். பட்டை உரித்த கைகள் செக்கச்சிவந்திருந்தன.

"பாத்தாச்சா? என்ன சொல்ற?"

லீலா தேத்தண்ணியை அவனிடம் நீட்டினாள். "அடுத்த சந்தைக்கு வர்றப்ப பூம்பாறை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாங்க சின்னத்தாயிக்கா. அதையும் பாத்துட்டுச் சொல்றேனே."

அவன் ஊதி ஊதிக் குடித்தான். திறந்திருந்த கதவு வழியாகப் பனி வந்து அடுப்புப் புகையோடு கலந்தது. எது பனி, எது புகை என்று பிரித்துப் பார்த்தபடி அவள் நின்றாள்.